கரும்பு கீறின கை

செலியமேடு
பிப்ரவரி 2, 2026

ஜெசி அக்காவுக்கு,

நீ மொதல்ல உக்காந்துக்கோ. உங்க மடத்துல நாற்காலி குடுப்பாங்கதான? முட்டி போட்டுக்கினு படிக்காத.

எனக்கு வலது மார்ல கட்டி. கேன்சருனு சொல்லிட்டாங்க. கிறிஸ்மஸுக்கு முன்னாடியே கையில தட்டுப்பட்டுச்சி. குடில் வேல இருக்குது, பொங்கல் வருது, கரும்பு வெட்டு முடியட்டும்னு நான்தான் தள்ளிக்கினே வந்தேன். உன் தங்கச்சி வூட்டுக்காரரு வாயில்லாப் பூச்சினு நெனச்சிருப்ப. அவருக்கு விசயம் தெரிஞ்ச அன்னிக்கு அவரு கத்தின கத்துல ஆதிலட்சுமி பக்கத்து வூட்லேர்ந்து ஓடியாந்துட்டா. வண்டியில ஏத்திக்கினு போய் பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில நிறுத்திட்டுதான் சவரிராயன் வாய மூடினாரு.

வேற யாருக்காச்சும் அக்கானு ஒருத்தி இருந்தா போன் போட்டு அழுது முடிச்சிருப்பா. நீ பத்தொம்பது வருசமா கதவச் சாத்திக்கினு உள்ள இருக்க. போன் கூடாது, வெளிய வரக் கூடாது, கடிதாசி மட்டுந்தான். நான் அழுவறதையும் பத்து ரூவா கவர்லதான் போட்டு அனுப்பணும். உங்க மதர் பிரிச்சிப் படிப்பாங்க, படிக்கட்டும்.

பிரியதர்ஷினினு ஒரு டாக்டர் பொண்ணு. நல்ல பொண்ணு, வேகமாப் பேசுது. அங்க ஒரு ஆராய்ச்சி நடக்குதாம். ஸ்கேன் படத்த கம்ப்யூட்டர்ல போட்டா, ஆபரேஷனுக்கு முன்னாடியே அக்குள்ல நெறி கட்டுமே, அந்த நெறிக்குப் பரவியிருக்குமா இருக்காதானு கணக்குப் போட்டு சொல்லுமாம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன ஆயிரக்கணக்கான பேரோட படத்தக் காட்டி, இவங்களுக்குப் பரவியிருந்துச்சி, இவங்களுக்கு இல்லனு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களாம். எனக்குச் சம்மதமானு கேட்டுச்சி. செய்ங்கனு கையெழுத்துப் போட்டேன். வர்ற வெள்ளிக்கிழம படம் எடுக்கறாங்க.

பரவலன்னா சின்ன ஆபரேஷன். பரவியிருந்தா அக்குள்ல இருக்கறத எல்லாம் வழிச்சி எடுத்துடுவாங்களாம். அப்புறம் அந்தக் கை வீங்கும்னு ஆதிலட்சுமி சொல்றா. அவ நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சாம், தண்ணிக் கொடம்கூட தூக்கறது இல்லியாம். எனக்கு வலது கை அக்கா. அது இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?

வேண்டிக்கோ. அத மட்டும் நல்லா பண்ணுவ.

செலின்


கார்மேல் மடம்
பிப்ரவரி 6, 2026

அன்புத் தங்கை செலினுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

உன் கடிதத்தை மதர் என் கையில் கொடுக்கும்போதே அவர்கள் முகம் சரியில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நீ உயிரோடு இருக்கிறாய், திட்டுகிறாய், அதுவரைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகு கோபம் வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் கையில் பட்ட கட்டியை வைத்துக்கொண்டா எனக்கு அட்டையில் நட்சத்திரம் ஒட்டி வாழ்த்து அனுப்பினாய்? அந்த அட்டை இன்னும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

கடைசியாக நீ என்னைப் பார்க்க வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்தாலும் பார்வையாளர் அறையின் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாய். கதவைச் சாத்தியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். தட்டாமல் இருந்தது நீயும்தான்.

படம் எடுத்தாயிற்றா? டாக்டர் சொல்வதை அரையும் குறையுமாகக் கேட்டுவிட்டு வராதே. உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் காதை மூடிக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படி. சவரிராயனைக் கூட வைத்துக்கொள். பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாயா?

இங்கே எல்லாரும் உனக்காக வேண்டுகிறார்கள். பூசைக்கான அப்பம் சுடும் அறையில் என்னுடன் வேலை செய்யும் ரெஜினா சிஸ்டர் உன்னைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் தினமும் உன் பெயரைச் சொல்கிறார்கள்.

அக்கா ஜெசிந்தா


செலியமேடு
பிப்ரவரி 11, 2026

அக்கா,

மார்க்கு வந்துடுச்சி. நூத்துக்கு எழுபத்தெட்டு. பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சி வாங்கினவளுக்கு எழுபத்தெட்டு போட்டிருக்குது கம்ப்யூட்டரு. என் படம் மாதிரி படம் இருக்கற நூறு பேர்ல எழுபத்தெட்டு பேருக்கு அக்குள்ல பரவியிருக்குமாம். இது தீர்ப்பு இல்லம்மா, கணக்குதான், நெறியில ஊசி போட்டு எடுத்துப் பாத்தாதான் தெரியும்னு டாக்டர் பொண்ணு சொல்லுது. இருபதாம் தேதி ஊசிக்கு வரச் சொல்லியிருக்குது.

எனக்கு ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு விசயம் தெரியும். உனக்கு மட்டும் சொல்றேன், வெளிய விடாத. வெளிய விட உனக்கு யாரு இருக்காங்க?

ஜனவரி கடைசியில சக்கர மில்லுலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சி. வெட்டற ஆளுங்க பாகூர் பக்கம் போயிட்டாங்க. கரும்பு காஞ்சி நிக்குது. அவரு தனியாக் கெடந்து அல்லாடறாரு. டாக்டரு வயல் வேல கூடாதுனு சொன்னது வாஸ்தவம். ஆனா பாத்துக்கினு எப்படி இருக்கறது? நாலு நாள் நானும் எறங்கி, கரும்புல காஞ்ச எலைய உரிச்சி சோகை கழிச்சேன். சோகை கீறினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், நீ உள்ள போறதுக்கு முன்னாடி செஞ்ச வேலதான. வலது கை பூரா கீறல். கட்ட விரல் ஓரத்துல சீழ் கோத்துக்கிச்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சிப் பத்து போட்டேன். அக்குள்ல நெறி கட்டி விண்ணு விண்ணுனு வலி.

அந்தக் கையோடதான் போய் மெஷின்ல படுத்தேன். பத்தக் கழுவிட்டு, விரல்ல துணி சுத்திக்கினு, போர்வைய இழுத்துக் கையில மூடிக்கினேன். டாக்டர் பொண்ணு முன்னாடியே, "வயலுக்குப் போனீங்களாம்மா"னு கேட்டுச்சி. "சேச்சே, வூட்டு வாசல்படி தாண்டல"னு சொல்லிட்டேன்.

அப்போ அக்குள்ல அது பாத்தது கேன்சரா, கரும்பு கீறின நெறியா? கீறின நெறிதான். அதுக்கு எதுக்கு என் கையப் புடுங்கணும்? ஆபரேஷன் அன்னிக்கு கட்டிய மட்டும் எடுங்க, அக்குளத் தொடாதீங்கனு சொல்லிடப் போறேன்.

விபூதி புதன் வருது. அதுக்கப்புறம் நீ எழுத மாட்ட. நல்லதாப் போச்சி, உபதேசம் கேக்க வேணாம்.

செலின்


கார்மேல் மடம்
பிப்ரவரி 15, 2026

செலின்,

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வரும் கடிதங்களும் மதரின் பெட்டியிலேயே இருக்கும். அதனால் உபதேசம் முழுவதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே அந்த டாக்டரிடம் சொல்வதற்கு என்ன? "வயலுக்குப் போனேன், சோகை கழித்தேன், கையில் சீழ் இருந்தது." மூன்று வாக்கியம். எனக்கு இரண்டு பக்கம் எழுத உனக்குத் தெரிகிறது, அவர்களிடம் மூன்று வாக்கியம் வாயில் வரவில்லையா?

திட்டுவார்கள் என்று பயமா? திட்டட்டுமே! நீ சவரிராயனைத் தினமும் திட்டுகிறாய், அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

எனக்குச் சந்தேகம் வேறு. திட்டுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நீ. வேறு ஏதோ இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். எழுத்தில் பிடிபடவில்லை.

இருபதாம் தேதி ஊசிக்குப் போ. உனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாத ஒன்றை, நல்லது என்று நீயே முடிவு பண்ணாதே. எனக்கு இருக்கிற கூடப்பிறப்பு நீ ஒருத்திதான். இதை உனக்குப் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

அக்கா ஜெசிந்தா


செலியமேடு
பிப்ரவரி 27, 2026

அக்கா,

இத நீ ஈஸ்டருக்குதான் படிப்ப. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போயிருக்கும். அந்த தைரியத்துலதான் எழுதறேன். யார்கிட்டயாச்சும் சொல்லணும், ஆனா யாரும் கேக்கக் கூடாது. அதுக்கு உங்க மடத்துப் பெட்டி மாதிரி தோதான எடம் கெடையாது.

இருபதாம் தேதி ஊசிக்குப் போகல. டாக்டரு லீவுனு அவருகிட்ட பொய் சொல்லிட்டேன். மனுசன் நம்பிட்டாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சி, மார்ச் ஒம்பதாம் தேதி கட்டாயம் வாங்கனு. சரினு சொல்லி வச்சிட்டேன். அன்னிக்கும் போறதா இல்ல.

நீ கேட்டியே, வேற ஏதோ இருக்குதுனு. இருக்குது.

கையில சீழ் ஆறிப் போச்சி. கீறலெல்லாம் மறைஞ்சிடுச்சி. அக்குள்ல வலியும் இல்ல. தெனம் குளிக்கும்போது தடவிப் பாக்கறேன். சின்னதா ஒண்ணு உருளற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. அப்புறம் கைய எடுத்துடுவேன்.

எனக்கு இப்போ இருக்கறது இந்தக் கரும்புக் கீறல் ஒண்ணுதான் அக்கா. அதாலதான் நெறி கட்டிச்சினு சொல்லிக்கினுதான் ராத்திரி தூங்கறேன். டாக்டர் பொண்ணுகிட்ட சொல்லிட்டா அது இன்னா பண்ணும்? மறுபடியும் படம் எடுக்கும். கை ஆறினதுக்கு அப்புறமும் எழுபத்தெட்டுனு வந்துட்டா? அப்போ என்கிட்ட ஒண்ணுமே இல்ல. சொல்லாத வரைக்கும் அது என்கிட்ட இருக்குது.

முட்டாத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா சொல்ல வாய் வரல. மார்க்கு சொன்ன அன்னிக்கே அந்தப் பொண்ணு முன்னாடி உக்காந்து ரெண்டு தபா வாயத் தொறந்தேன், "காப்பி குடிச்சியாம்மா"னு கேட்டுட்டு வந்துட்டேன்.

எனக்குச் சாவணும்னு இல்ல அக்கா. ரொம்ப வருசம் இருக்கணும்னுதான் இருக்குது. அதான் இவ்வளவு பயம்.

நீ இதப் படிக்கும்போது அல்லேலூயா பாடிக்கினு இருப்ப. பாடு.

செலின்


கார்மேல் மடம்
மார்ச் 4, 2026

செலின்,

மயக்கம் போட்டு விழாதே, நான்தான்.

தவக்காலத்தில் வரும் கடிதங்களைப் பிரிக்காமல் பெட்டியில் போடுவோம் என்று யார் சொன்னார்கள் உனக்கு? எங்களிடம் தரமாட்டார்கள், அவ்வளவுதான். வீட்டில் சாவு, நோய் என்று ஏதாவது இருக்குமோ என்று மதர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். நேற்று மதியம் என்னைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். "உன் தங்கச்சி பெட்டிக்கு எழுதியிருக்கா, நீ பதில் எழுது" என்றார்கள். இந்த மடத்தில் தவக்காலத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது.

உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. படித்துவிட்டு அப்பம் சுடும் இரும்பில் கையை வைத்துவிட்டேன். ரெஜினா சிஸ்டர்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

கேள். உன் பயம் முட்டாள்தனம் இல்லை. ஆனால் உன்னிடம் கரும்புக் கீறல் இருக்கிறது என்று நீ சொல்வது பொய். அது உன்னிடம் இல்லை, ஆறிப் போய்விட்டது, நீயே எழுதியிருக்கிறாய். அக்குளில் ஏதாவது இருந்தால் நீ சொல்லாததால் அது போய்விடாது. இல்லாமல் இருந்தால், நீ சொல்லாததால் அவர்கள் சும்மா உன் அக்குளை வெட்டி வழித்துவிடக்கூடும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் உனக்குத்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் உன்னைப் பார்த்ததில்லை. உன் படத்தைப் பார்த்தது. படம் எடுத்த அன்று உன் விரலில் துணி சுற்றியிருந்தது அதற்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்தி. நீயோ அவர்களிடம் காப்பி குடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

மறுபடியும் எழுபத்தெட்டு வரலாம். வராது என்று நான் சொல்ல மாட்டேன், வேண்டிக்கொண்டால் குறையும் என்றும் சொல்ல மாட்டேன். வந்தால் அழு. எனக்கு எழுது. மதர் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் கொடுப்பார்கள்.

இன்னொன்று. ஒன்பதாம் தேதி சாயங்காலம் மதர் அலுவலக போனில் சவரிராயனைக் கூப்பிடுவார்கள். நீ போகவில்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் அவரிடம் சொல்வார்கள். நான்தான் கேட்டுக்கொண்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

ஜெசி


செலியமேடு
ஏப்ரல் 2, 2026
பெரிய வியாழன்

அக்கா,

எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா மன்னிச்சிக்கோ. கை இன்னும் முழுசாப் பழகல.

அடிப்பாவி, மதர வச்சி மெரட்டற அளவுக்கு ரவுடியா ஆயிட்டியா! அந்தக் கடிதாசியப் படிச்சிட்டு அவரு கிட்ட நானே சொல்லிட்டேன். மனுசன் வெளிய போய் டிராக்டரத் தொடச்சிக்கினு நின்னாரு. ஒம்பதாம் தேதி காலையில எனக்கு முன்னாடி சட்ட போட்டுக்கினு வாசல்ல நிக்கறாரு.

டாக்டர் பொண்ணுகிட்ட நீ சொன்ன மாதிரியே மூணு வாக்கியம் சொன்னேன். அது பேனாவ கீழ வச்சிடுச்சி. "ஏம்மா, இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா"னு கேட்டுச்சி. திட்டல. அதான் கஷ்டமாப் போச்சி. அழுதுட்டேன். அந்தப் பழைய படத்த வச்சி எதையும் முடிவு பண்ண வேணாம்னு புதுசா எடுத்தாங்க. இந்தத் தபா வயலுக்குப் போனீங்களா, கையில புண் இருக்குதா, ஊசி ஏதாச்சும் போட்டீங்களானு எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிச்சி. இனிமே எல்லார்கிட்டயும் கேக்குமாம்.

முப்பத்தாறு வந்துச்சி.

எனக்குத் தல கால் புரியல. "அப்போ இல்லனு வச்சிக்கலாமா"னு கேட்டேன். "முப்பத்தாறுன்னா இல்லனு அர்த்தம் இல்லம்மா. நூறு பேர்ல முப்பத்தாறு பேருக்கு இருக்கும், அதுல நீங்க ஒருத்தரா இருக்கலாம்"னு சொல்லிச்சி. நெறியில ஊசி போட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. அப்பவும் அது விடல. ஆபரேஷன் பண்ணும்போது நீல மருந்து போட்டு, கேன்சர் மொதல்ல எந்த நெறிக்குப் போகுமோ அத மட்டும் எடுத்துப் பரிசோதிப்போம், மத்தத எல்லாம் தொட மாட்டோம்னு சொல்லிச்சி. சரினு படுத்தேன்.

கட்டிய எடுத்துட்டாங்க. நீல மருந்து ஏறின நெறி நாலு எடுத்தாங்க. நேத்துதான் ரிசல்ட் சொன்னாங்க.

ஒண்ணுல இருக்குது அக்கா. கடுகளவு.

ஊசிக்கும் தப்பிச்சிருக்குது, ரெண்டாவது படத்துலயும் மாட்டல. நான் வூட்லயே உக்காந்துக்கினு கரும்பு, கரும்புனு சொல்லிக்கினு இருந்திருந்தா அது உள்ளயே இருந்திருக்கும். அக்குளத் தொடாதீங்கனு சண்ட போடத்தான இருந்தேன்! மொத படத்தயே நம்பியிருந்தா எல்லாத்தயும் வழிச்சிருப்பாங்களோ என்னமோ. இப்போ அது தேவையில்லையாம். கரண்டு வைக்கறதும், அதான் ரேடியேஷன், மாத்திரையும் போதும்னு சொல்றாங்க. தண்ணிக் கொடம் தூக்கலாமானு கேட்டேன். இப்போ வேணாம், அப்புறம் மெதுவாத் தூக்கலாம்னாங்க. சோகை கழிக்கக் கூடாதாம், காயம் படக் கூடாதாம். அத அவரு பக்கத்துல நின்னு கேட்டுக்கினாரு, இனிமே நான் ஏமாத்த முடியாது.

இருக்குதுனு சொன்னப்போ நான் அழல. ஏன்னு தெரியல. அவருதான் அழுதாரு.

இப்போ உன் விசயம். டாக்டர் பொண்ணு என்கிட்ட கேட்டுச்சி, கூடப்பிறந்தவங்க இருக்காங்களானு. ஒரே அக்கா, மடத்துல இருக்கானு சொன்னேன். அவங்களும் பாத்துக்கணும்னு சொல்லிச்சி. கையாலயும் பாக்கணும், படமும் எடுக்கணும். உனக்கு அம்பது நெருங்குது. இதுவரைக்கும் ஒரு தபாகூடப் பாத்திருக்க மாட்ட, எனக்குத் தெரியும். வைத்தியத்துக்கு வெளிய விடுவாங்கதான? விட மாட்டோம்னா சொல்லு, நானும் உங்க மதருக்கு ஒரு கடிதாசி எழுதறேன்.

ஈஸ்டர் வாழ்த்து. உன் பங்குக்கும் நான் பிரியாணி சாப்பிடறேன்.

செலின்


கார்மேல் மடம்
ஏப்ரல் 9, 2026

செலினு,

அல்லேலூயா பாடி முடித்ததும் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். கடுகளவு என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, தோட்டத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். மூன்று வாக்கியம் சொன்னாயே, அது போதும் எனக்கு.

கடைசிப் பத்தி இருக்கிறதே, அதற்கு நான்கு முறை பதில் எழுதினேன். முதலில், பிள்ளைகளுக்குப் புது நன்மை கொடுக்கும் காலம், எல்லாப் பங்குக் கோயில்களுக்கும் அப்பம் அனுப்ப வேண்டும், மே மாதம் கழியட்டும் என்று எழுதினேன். பிறகு, எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்று எழுதினேன். பிறகு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். நீ இங்கே இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

நேற்று மதரிடம் சொல்லிவிட்டேன். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். படமும் எடுப்பார்கள். பத்தொன்பது வருடம் கழித்து பஸ் போகும் சாலையைப் பார்க்கப் போகிறேன். ரெஜினா சிஸ்டர் கூட வருகிறார்கள், நல்ல மனுஷி, வழியெல்லாம் ஜெபமாலை சொல்வார்கள்.

ஆனா எனக்கு நீதான்டி வேணும். ராத்திரி எல்லாம் தூக்கம் வரல. உனக்கு அவ்வளவு எழுதினேன், எனக்குனு வந்ததும் அதுல ஒண்ணும் ஒதவல. நாலு மணி நேரம் பஸ்ல வரணும், ஆபரேஷன் ஆன ஒடம்பு, நியாயமாப் பாத்தா நான் இதக் கேக்கக் கூடாது. சவரிராயனக் கூட்டிக்கினு வா. எங்க வாசல்ல ஒம்பது மணிக்கு நில்லு. கம்பி கிம்பி எதுவும் நடுவுல இருக்காது, நான் வெளிய வருவேன்.

எனக்குப் பயமா இருக்குது செலினு. கூட வா.

ஜெசி